ஓட்டத்தில் எலும்பு விரிசல்: நாற்பத்தாறு வயதில் நீச்சல் குழுவில் சேரலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். சில ஆண்டுகளாக ஓடி வருகிறேன். அரை மராத்தான் பலமுறை முடித்திருக்கிறேன். ஜனவரியில் நடக்கும் சென்னை மராத்தானில் முதன்முறையாக முழுத் தூரம் ஓட எண்ணி, வாரத்துக்கு 25 கிலோமீட்டராக இருந்த ஓட்டத்தை ஒரே மாதத்தில் 45 ஆக்கினேன். இடது கால் முன்னெலும்பின் உட்பக்கம், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே வலி தொடங்கியது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர், அதாவது தொடர்ந்த அழுத்தத்தால் எலும்பில் விழும் மெல்லிய விரிசல், என்று தெரிந்தது. மூன்று மாதம் ஓடக் கூடாது, நீந்தலாம் என்று எலும்பு மருத்துவர் சொன்னார். ஐந்து வாரம் ஆகிவிட்டது. நடக்கும்போது வலி இல்லை. விரலால் அழுத்தினால் மட்டும் லேசாக வலிக்கிறது. வேளச்சேரி நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கான மாஸ்டர்ஸ் குழுவில் பயிற்சி செய்யும் தோழி என்னையும் சேரச் சொல்கிறாள். இரண்டு மாதத்தில் வரும் போட்டியில் ரிலேக்கு ஓர் ஆள் குறைகிறதாம். சிறு வயதில் தாத்தா வீட்டுக் கிணற்றில் நீந்தக் கற்றதுதான் எனக்குத் தெரிந்த நீச்சல். குளத்தில் இறங்கிப் பார்த்தேன். பாதிக் குளம் தாண்டுவதற்குள் மூச்சு முட்டுகிறது. 21 கிலோமீட்டர் ஓடுகிறவளுக்கு இது ஏன்? குழுவில் சேரலாமா? சுவரை உதைத்துத் திரும்பினால் எலும்புக்கு ஆபத்தா? ஓட்டத்துக்கான உடல்திறனை நீச்சல் காப்பாற்றுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சேரலாம். குளத்தில் இறங்குவதை நீங்கள் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் குழுவின் முழுப் பயிற்சியில் கலந்துகொள்ள இன்னும் ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. இயன்முறை சிகிச்சையாளராக, ஓட்டத்தில் காயம்பட்டுத் தண்ணீருக்கு வருகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இவர்களில் பலருக்குப் பழைய காயம் குளத்தில் ஆறிவிடுகிறது, அந்த இடைவெளியில் தோளில் புதிய காயம் ஒன்று வந்து சேர்கிறது. உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி எலும்பைப் பற்றியதல்ல. 25 கிலோமீட்டரை ஒரே மாதத்தில் 45 ஆக்கியதைப் பற்றியது. அதே வேகத்தை நீங்கள் தண்ணீருக்கும் கொண்டுவந்துவிடக் கூடாது.

முதலில் ஓர் உறுதிப்பாடு தேவை. நீங்கள் குறிப்பிடும் இடம், அதாவது கால் முன்னெலும்பின் உட்பக்கப் பின்விளிம்பு, ஓடுகிறவர்களுக்குப் பொதுவாக விரிசல் விழும் இடம். ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தானே கூடிவிடும். அதே எலும்பின் முன்விளிம்பில், நடுப்பகுதியில் விரிசல் இருந்தால் நிலைமை வேறு: அது ஆற மாதக்கணக்கில் ஆகலாம், முழு முறிவாக மாறும் வாய்ப்பும் உண்டு. ஆகவே ஸ்கேன் அறிக்கையில் எந்த விளிம்பு என்று எழுதியிருக்கிறது என்பதை உங்கள் எலும்பு மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கீழே நான் சொல்வதெல்லாம் உட்பக்க விரிசல் என்ற அனுமானத்தில்தான்.

இனி, மூச்சு முட்டுவதைப் பற்றி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் இதயமும் நுரையீரலும் நலிந்துவிடவுமில்லை. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. ஓடும்போது காற்றின் எதிர்ப்பைச் சமாளிக்க உங்கள் ஆற்றலில் சிறுபங்கே செலவாகிறது. புதிதாக நீந்துகிறவருக்கோ அதன் பெரும்பங்கு தண்ணீரோடு மல்லுக்கட்டுவதிலேயே கரைந்துபோகிறது. அந்த மல்லுக்கட்டைக் கூட்டுவது உடலின் கிடைநிலை. காற்று நிறைந்த நுரையீரல் இருப்பதால் மார்பு மிதக்கும். தசை மிகுந்த கால்கள் தாழும். ஓடுகிறவர்களுக்குக் கொழுப்புக் குறைந்த, இறுகிய கால்கள் என்பதால் அவை இன்னும் வேகமாகத் தாழும். தலையை நிமிர்த்தினால் இடுப்பும் சேர்ந்து இறங்கும். அப்போது உங்கள் உடல் தண்ணீரைக் கிழித்துப் போவதற்குப் பதிலாக, சாய்ந்த பலகையாக அதைத் தள்ளிக்கொண்டு போகிறது.

கிணற்றில் தலையை நிமிர்த்தி நீந்துவது தவறான பழக்கமல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலிருந்து யார் எப்போது குதிப்பார் என்று பார்த்துக்கொண்டே நீந்த வேண்டிய இடத்தில் அதுதான் முறை. அங்கே கற்றவர்களிடம் ஒரு பெரிய வரமும் இருக்கிறது: காலுக்கடியில் தரை இல்லாத ஆழம் அவர்களை மிரட்டுவதில்லை. பெரியவர்களுக்கு நீச்சல் கற்றுத்தரும் கோச்சுகள் முதல் இரண்டு மூன்று வாரங்களைச் செலவிடுவது இந்த அச்சத்தைப் போக்கத்தான். உங்களுக்கு அந்த வேலை மிச்சம். மாற்ற வேண்டியது தலையையும் மூச்சையும்.

ஓடும்போது வேண்டிய நேரத்தில் மூச்சு விடுகிறீர்கள், வாங்குகிறீர்கள். கவிழ்ந்து, கைகளை மாறி மாறி வீசி நீந்தும் ஃப்ரீஸ்டைலில் மூச்சு, கைவீச்சோடு பூட்டப்பட்டிருக்கிறது. முகம் வெளியே வரும் அந்த அரை நொடியில் வாங்கினால்தான் உண்டு. புதியவர்கள் முகம் உள்ளே இருக்கும்போது மூச்சை அடக்கிவைத்துக்கொண்டு, வெளியே வந்ததும் விடுவதையும் வாங்குவதையும் ஒன்றாகச் செய்யப் பார்க்கிறார்கள். நேரம் போதாது, பழைய காற்று முழுதாக வெளியேறாமல் உடலில் கரியமில வாயு சேர்கிறது. மூச்சு முட்டுகிற உணர்வைத் தூண்டுவது பெரும்பாலும் இந்த வாயுவின் மிகுதிதான். பிராணவாயு குறைந்துவிட்டது என்பதல்ல. மார்பைச் சுற்றி நீரின் அழுத்தமும் இருப்பதால் உணர்வு இன்னும் கூடுகிறது. இதற்கான பயிற்சி எளியது, சற்றுச் சலிப்பானது: குளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை அமிழ்த்தி, மூக்கிலும் வாயிலும் சீராகக் குமிழி விட்டு, தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்பி மூச்சு வாங்குங்கள். ஒவ்வொரு முறை குளத்துக்குப் போகும்போதும் முதல் ஐந்து நிமிடம் இதற்கே ஒதுக்குங்கள். பிறகு 10, 15 மீட்டர் தூரங்களில் இதையே நீந்திக்கொண்டு செய்யுங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறி மூச்சு வாங்க வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். எந்தப் பக்கம் எளிதோ அந்தப் பக்கமே, இரு கைகளும் ஒரு முறை வீசி முடியும் ஒவ்வொரு சுற்றிலும் வாங்கலாம்.

கால் உதையிலும் ஓடுகிறவர்களுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஓட்டம் கணுக்காலை இறுக்கிவிடுகிறது. உதைக்கும்போது பாதம் நீண்டு தளர்ந்திருக்க வேண்டும். அது விறைத்து நின்றால் உதை உடலை முன்னே செலுத்தாது. கிக் போர்டு என்னும் மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு முழு மூச்சாக உதைத்தும் நின்ற இடத்திலேயே நிற்கிறவர்களையும், சில வேளை பின்னோக்கி நகர்கிறவர்களையும் குளத்தில் பார்த்தால் அவர்களில் பாதிப்பேர் ஓட்டக்காரர்களாக இருப்பார்கள். கெண்டைக்காலில் தசைப்பிடிப்பும் அடிக்கடி வரும். கணுக்காலைத் தளர்த்த வஜ்ராசனத்தில் உட்காரும்படி குளத்தில் யாராவது யோசனை சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டாம். கால் முன்னெலும்பு தரையில் அழுந்தும். தொட்டால் வலிக்கும் நிலை முற்றிலும் நீங்கும்வரை, நாற்காலியில் அமர்ந்து பாதத்தைக் கையால் மெல்ல நீட்டிவிடுவது போதும்.

அடுத்து எலும்பு. இடுப்பளவு நீரில் நிற்கும்போது கால்கள் தாங்குவது உடல் எடையில் ஏறத்தாழப் பாதி. மார்பளவில் மூன்றில் ஒரு பங்கு. கழுத்தளவில் பத்தில் ஒரு பங்கு. படுத்து நீந்தும்போது அதுவும் இல்லை. அந்த வகையில் மருத்துவர் சொன்னது சரி. ஆனால் நீங்கள் கேட்டது போலச் சுவர்தான் இடைஞ்சல். சுவரை உதைத்துக் கிளம்புவது படுக்கைவாட்டில் ஒரு குதி. வலுவாக உதைத்தால் உடல் எடைக்கு நிகரான விசை, சில வேளை அதற்கு மேலும், காலெலும்பின் வழியே போகக்கூடும். ஆகவே அழுத்தினால் வலிக்கும் வரை இடது காலால் சுவரை உதைக்க வேண்டாம். கையால் சுவரைத் தொட்டு, நின்று, திரும்பி, வலது காலால் மட்டும் மெல்ல ஊன்றிக் கிளம்புங்கள். குட்டிக்கரணம் போட்டுத் திரும்பும் முறை இப்போது உங்களுக்குத் தேவையே இல்லை. உங்கள் குளம் 50 மீட்டர் நீளம் என்பது ஒரு வசதி. 25 மீட்டர் குளத்தோடு ஒப்பிட்டால் அதே தூரத்துக்குச் சுவர் பாதிதான் வரும். நடுவில் களைத்தால், நீந்தும் தடங்களைப் பிரிக்கும் லேன் கயிற்றைப் பிடித்து நிற்பதில் தவறில்லை.

ஃப்ரீஸ்டைலிலும், மல்லாந்து நீந்தும் பேக் ஸ்ட்ரோக்கிலும் மேலும் கீழுமாக அடிக்கும் மென்மையான உதை எலும்புக்கு ஊறு செய்யாது. பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கின் தவளை உதையைத் தள்ளிப்போடுங்கள். அது கீழ்க்காலை வெளிப்புறமாக முறுக்கி வீசுவது. முழங்காலின் உட்பக்கத் தசைநாரையும் இழுக்கும். கிணற்று நீச்சலில் உங்களுக்குக் கைவந்தது இந்த உதையாகத்தான் இருக்கும் என்பதால் சொல்கிறேன். பாதத்தில் அணியும் ரப்பர் துடுப்புகளான ஃபின்ஸ் மாட்டினால் உதை எளிதாகிவிட்டது போலத் தோன்றும். நீளமான ஃபின்ஸ் கணுக்காலிலும் முன்னெலும்பிலும் நெம்புகோல் போல இழுப்பதால் அதுவும் பின்னால் வரட்டும். தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளும் மிதவையான புல் பாய் காலுக்கு முழு ஓய்வு தரும். ஆனால் தாழும் இடுப்பை அது தூக்கிப் பிடித்துவிடுவதால், கழற்றியதும் பழைய நிலையே திரும்பும். பயிற்சியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

குளத்துக்கு வெளியேயும் கவனம் வேண்டும். ஏணியில் இறங்குங்கள், ஏணியில் ஏறுங்கள். ஆழம் குறைந்த பக்கத்தில் கால் கீழாகக் குதிப்பதும், ஈரத் தளத்தில் விரைந்து நடந்து வழுக்குவதும், நீந்துவதால் வரும் ஆபத்தைவிடப் பெரியவை. எலும்பின் நிலையை அறிய மறுநாள் காலையை நம்புங்கள். தண்ணீரின் குளிர்ச்சியும் உடலின் சூடும் அந்த நேரத்து வலியை மறைத்துவிடும். மறுநாள் எழுந்ததும் அதே இடத்தை அழுத்திப் பார்த்து, முந்தைய நாளைவிட வலி கூடியிருந்தால் இரண்டு நாள் நிறுத்தி, பின் குறைத்துத் தொடங்குங்கள். நடக்கும்போதே வலி திரும்பினால் மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது தோளுக்கு வருகிறேன். புதிதாக நீந்துகிறவர் 25 மீட்டருக்கு ஏறத்தாழ 25 முறை கை வீசுவார். 1,000 மீட்டர் என்றால் 1,000 வீச்சு. ஒவ்வொரு தோளுக்கும் 500. தலைக்கு மேல் கையை நீட்டி, நீரின் எதிர்ப்பை இழுத்து, அதை 500 முறை திரும்பச் செய்யும் வேலையை உங்கள் தோள் இதுவரை செய்ததில்லை; பகல் முழுதும் கணினி முன் முதுகு கூனி அமர்ந்திருக்கும் தோள் அது. உங்கள் இதயமோ மூச்சு முறை பிடிபட்ட மூன்றே வாரத்தில் 2,000 மீட்டருக்குத் தயாராகிவிடும். இந்த இடைவெளிதான் ஆபத்து. வாரம் 45 கிலோமீட்டருக்கு உங்கள் இதயம் சம்மதித்தது, எலும்பு சம்மதிக்கவில்லை; குளத்தில் எலும்பின் இடத்தில் இருப்பவை, தசையை எலும்போடு இணைக்கும் தோளின் தசைநாண்கள். தசை வாரக்கணக்கில் பழகும். தசைநாண் பழக மாதங்கள் வேண்டும். களைப்பு வரவில்லை என்பதை வைத்து இன்னும் நீந்தலாம் என்று முடிவு செய்யாதீர்கள். ஓடுகிறவர்கள் மூச்சிரைப்பை வைத்தே உழைப்பை அளக்கிறார்கள். இந்த விஷயத்தில் அந்த அளவுகோல் உங்களை ஏமாற்றும்.

ஆகவே வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், அரை மணி நேரம் போதும். முதல் இரண்டு வாரம் மொத்தம் 300 முதல் 400 மீட்டர், அதுவும் 25 மீட்டர் துண்டுகளாக, ஒவ்வொன்றுக்கும் பிறகு மூச்சு முழுதாக அடங்கும் வரை ஓய்வெடுத்து. மூன்றாம், நான்காம் வாரங்களில் 600, பிறகு 800, எட்டாவது வாரம் வாக்கில் 1,000. தூரத்தைக் கூட்டும் வாரத்தில் வேகத்தைக் கூட்ட வேண்டாம். நான்கில் ஒரு பங்கையாவது பேக் ஸ்ட்ரோக்கில் நீந்துங்கள். முன்பக்கம் இறுகிய மார்பைத் திறக்க அது உதவும், முகமும் வெளியே இருக்கும். உள்ளங்கையில் மாட்டும் பேடில்களை முதல் ஆறு மாதம் தொடவே வேண்டாம். குழுவில் மற்றவர்கள் மாட்டிக்கொள்ளும்போது உங்களிடமும் ஒரு ஜோடியை நீட்டுவார்கள், மறுத்துவிடுங்கள்.

நுட்பத்தில் மூன்று பிழைகள் தோளைக் கெடுப்பவை. கை நீரில் நுழையும்போது தலையின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போவது ஒன்று. தோளுக்கு நேராகவே நுழைய வேண்டும். கட்டைவிரலைக் கீழே திருகி முதலில் நுழைப்பது இன்னொன்று; இதை இன்றும் சிலர் சரியான முறை என்றே கற்றுத்தருகிறார்கள், உங்கள் தோளுக்கு அது தேவையற்ற திருகல். மூச்சுக்காகத் தலையைத் தூக்கும்போது நீட்டிய கையால் தண்ணீரை அமுக்குவது மூன்றாவது. உடலையே பக்கவாட்டில் உருட்டி மூச்சு வாங்கப் பழகினால் இது தானே போய்விடும். வீட்டில் ரப்பர் பட்டையைக் கதவுப் பிடியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து முன்கையை வெளிப்புறம் இழுக்கும் பயிற்சியும், இரு கைகளாலும் பட்டையை மார்பை நோக்கி இழுக்கும் பயிற்சியும் வாரம் மூன்று நாள் செய்யுங்கள். தோளின் முன்புறமோ மேற்புறமோ வலித்தால், அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாமல் போனால், தூரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டிய நேரம் அதுதான். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது.

குழுவில் சேருவதால் கிடைக்கும் பெரிய நன்மை, உங்கள் வீச்சைக் கரையிலிருந்து பார்க்க ஒரு கண் இருப்பது. தன் கை எங்கே நுழைகிறது என்பது நீந்துகிறவருக்குத் தெரியாது. ஆனால் எல்லாக் கோச்சுகளும் பெரியவர்களுக்கு ஏற்றவர்கள் அல்லர். சிறுவர்களைப் பதக்கம் வரை கொண்டுபோன திறமைசாலிகள் சிலருக்கு, நாற்பது வயதுக்காரரின் இறுகிய தோளோடு பொறுமையாக மல்லாட விருப்பம் இருப்பதில்லை. பலகையில் தூரத்தை எழுதிவிட்டு விசில் ஊதுவதோடு சரி. கட்டணம் செலுத்துவதற்கு முன் ஒரு நாள் கரையில் உட்கார்ந்து முழுப் பயிற்சியையும் பாருங்கள். மெதுவான லேனுக்கு அவர் எத்தனை முறை வந்து பேசுகிறார் என்று கவனியுங்கள். எனக்கு அந்த ஒன்றே போதும். லைஃப் கார்டு இருக்கிறாரா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

சேரும் நாளில் உங்கள் விரிசலின் இடம், சுவரை உதைக்கக் கூடாது என்பது, தூர வரம்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னது பத்துப் பேர் நீந்தும் இரைச்சலில் மறந்துபோகும். பயிற்சியில் 50 மீட்டர் பத்து முறை, ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று என்பது போல அறிவிப்பார்கள். ஒவ்வொரு ஒன்றரை நிமிடத்துக்கும் ஒரு முறை கிளம்ப வேண்டும் என்பது பொருள். நீங்கள் 1 நிமிடம் 15 நொடியில் முடித்தால் 15 நொடி ஓய்வு கிடைக்கும், ஒன்றரை நிமிடமும் நீந்தவே போய்விட்டால் ஓய்வே இல்லை. ஒன்று விட்டு ஒன்று நீந்துங்கள். யாரும் தவறாக எண்ணமாட்டார்கள். மெதுவான லேனில் கடைசி ஆளாகக் கிளம்புங்கள். முன்னால் போகிறவரின் பின்னால் நீரின் எதிர்ப்புக் குறைவு என்பதால் உங்களுக்கும் எளிது, பின்னால் வருகிறவர் காலைத் தட்டுவாரோ என்ற பதற்றமும் இல்லை. லேனுக்குள் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறார்கள் என்று இறங்குவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது நடுச்சுவரை விட்டு மூலையில் நில்லுங்கள். முன்னால் போகிறவரைத் துரத்திப் பிடிக்கத் தோன்றும். அதை மட்டும் ஓட்டப் பாதையில் விட்டுவிட்டு வாருங்கள்.

வயதைப் பற்றி நீங்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை என்றாலும் கடிதத்தில் அந்தத் தயக்கம் தெரிகிறது. மாஸ்டர்ஸ் நீச்சல் உங்களைப் போன்றவர்களுக்காகவே உருவானது. அமெரிக்கக் கடற்படை மருத்துவரான ரேன்சம் ஆர்தர், பெரியவர்கள் உடற்பயிற்சியை விடாமல் தொடர ஒரு போட்டி இலக்கு உதவும் என்று கருதி முன்னின்றதால், 1970-இல் டெக்சாஸ் மாநிலத்தின் அமரில்லோவில் அந்நாட்டின் முதல் தேசிய மாஸ்டர்ஸ் போட்டி நடந்தது. 1986-இல் டோக்கியோவில் உலகப் போட்டி தொடங்கியது. இந்திய நீச்சல் கூட்டமைப்பும் தேசிய அளவில் மாஸ்டர்ஸ் போட்டி நடத்துகிறது. சர்வதேச விதிப்படி 25 வயதில் தொடங்கி ஐந்தைந்து வயதாகப் பிரிவுகள். நீங்கள் 45 முதல் 49 வரையுள்ள பிரிவில் வருவீர்கள். ஜப்பானைச் சேர்ந்த மியெகோ நாகாவோகா என்ற அம்மையார் முழங்கால் கோளாறு காரணமாக எண்பது வயதுவாக்கில் நீச்சலைத் தொடங்கியவர். 2015-இல், தம் 100-ஆவது வயதில், 25 மீட்டர் குளத்தில் 1,500 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 1 மணி 15 நிமிடம் 54 நொடியில் முடித்தார். அந்த வயதில் அத்தூரத்தை முடித்த முதல் ஆள் அவர்.

ஓட்டத்துக்கான உடல்திறனை நீச்சல் ஓரளவு காக்கும். இதயமும் நுரையீரலும் வேலை செய்யும். கால்களுக்கு ஓட்டத்தின் அசைவு கிடைக்காது. கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்: நீரின் அழுத்தத்தால் கால்களிலிருந்து இரத்தம் மார்புக்குத் திரும்புவதாலும், உடல் படுத்திருப்பதாலும், அதே உழைப்புக்குத் தண்ணீரில் துடிப்பு நிமிடத்துக்குப் பத்துக்கு மேல்கூடக் குறைந்து காணப்படும். ஓட்டத்தின் அசைவே வேண்டுமென்றால், இடுப்பில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு கால் தரையில் படாத ஆழத்தில் நின்ற வாக்கில் ஓடுவது போலச் செய்யும் பயிற்சி இருக்கிறது. பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள் நான்கு முதல் ஆறு வாரம் இதை மட்டுமே செய்து தம் திறனைத் தக்கவைத்துக்கொண்டதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வாரம் இரண்டு நாள் 20 நிமிடம் செய்யலாம். லேனை மறிக்கும் என்பதால் எந்த நேரம், எந்த மூலை என்று குளத்துக்காரர்களிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் நீச்சல் எலும்பை வலுவாக்காது. எலும்பு வலுப்பெற எடையும் அதிர்வும் வேண்டும். தண்ணீர் அவ்விரண்டையும் நீக்கிவிடுகிறது, காயத்துக்கு அது இதமாக இருப்பதும் அதனால்தான். மூன்று மாதம் நீந்திவிட்டு நல்ல மூச்சோடு ஓட்டத்துக்குத் திரும்புகிறவர்கள் மீண்டும் அதே இடத்தில் வலியோடு வருவதை நான் பார்க்கிறேன். எலும்பு மருத்துவர் அனுமதித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தல், குதிகாலை உயர்த்துதல் போன்ற பயிற்சிகளைப் படிப்படியாக எடை சேர்த்துச் செய்யத் தொடங்குங்கள். நாள்தோறும் அரை மணி நேரம் நடந்தும் வலி இல்லை, அழுத்தினால் வலி இல்லை, ஒற்றைக் காலில் மெல்லக் குதித்தாலும் வலி இல்லை என்ற மூன்றும் சேர்ந்த பிறகே ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடக்கும் முறையில் ஓட்டத்தைத் தொடங்க வேண்டும். அந்த வாரங்களில் நீச்சலின் தூரத்தைக் கூட்ட வேண்டாம்.

விரிசலுக்குத் தூரத்தைத் திடீரென்று கூட்டியது மட்டுமே காரணமா என்பதையும் பார்த்தாக வேண்டும். 46 வயது, மாதவிடாய் நிற்பதை ஒட்டிய காலம். எலும்பின் அடர்த்தி குறையத் தொடங்கும் நேரம். மாதவிடாய் தவறத் தொடங்கியிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வைட்டமின் டி, தைராய்டு, இரும்புச் சத்துக்கான இரத்தப் பரிசோதனைகளும், எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் தேவையா என்று கேளுங்கள். எடை குறைய வேண்டும் என்பதற்காக ஓட்டத்தைக் கூட்டிய அதே மாதத்தில் உணவைக் குறைத்திருந்தீர்களா? அப்படியிருந்தால் அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். உடலுக்கு வேண்டிய ஆற்றல் கிடைக்காதபோது எலும்பைப் புதுப்பிக்கும் வேலையையும் அது தள்ளிப்போடும். நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, பாலும் தயிரும் சேர்ந்தால் கணக்குச் சரியாகிவிடும். அதிகாலைப் பயிற்சிக்கு வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள்.

கடைசியாக ரிலே. மாஸ்டர்ஸ் ரிலேயில் நால்வரின் வயதையும் கூட்டித்தான் பிரிவு போடுகிறார்கள்: 120 முதல் 159, 160 முதல் 199, 200 முதல் 239 என்று போகும். உங்கள் வயது தோழிக்கு ஏன் தேவைப்படுகிறது என்பது அதிலிருந்தே புரிந்திருக்கும். இரண்டு மாதத்தில் 50 மீட்டரை உங்களால் முடிக்க முடியும் என்றே நம்புகிறேன். தடை தூரமல்ல, தொடக்கம். மேடையிலிருந்து பாய்வதும் காலின் வேலைதான். மாஸ்டர்ஸ் விதிகள் தண்ணீருக்குள் இருந்தபடி சுவரைப் பற்றிக்கொண்டு கிளம்ப இடம் தருகின்றன. போட்டி நடத்துவோரிடம் இதைக் கேட்டு உறுதி செய்துகொண்டு, வலது காலால் மட்டும் ஊன்றிக் கிளம்பலாம். போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு மருத்துவரிடம் ஒரு முறை காலைக் காட்டுங்கள். அழுத்தினால் அப்போதும் வலித்தால், அந்தப் போட்டிக்கு வேறொருவரைப் பார்த்துக்கொள்ளும்படி தோழியிடம் இன்றே சொல்லிவைத்துவிடுவது அவருக்கும் நல்லது. ரிலேக்குப் பெயர் கொடுக்கக் கடைசித் தேதி என்று ஒன்று இருக்கும்.